சோவா என்றால் ஆந்தை

"பேருக்கு அர்த்தம் கேட்டாலே நெஞ்சு பதறுது. அந்த வீட்டிலை போய் நீ என்னெண்டு இருக்கப்போறாய்?"

என் அண்ணை என்னிடம் கேட்ட கேள்வி இது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த மாடிவீட்டின் சமையலறையில், பாதி கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முன்னறையில் விருந்தாளி இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை.

போன இதழில் ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன்தான் அந்த விருந்தாளி. பெயர் ஆடம் சோவா. லண்டனில் பிறந்தவன், தாய் தகப்பன் போலந்து நாட்டுக்காரர். தாய் காலமாகிவிட்டார். அவனைக் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது. சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவனைத் தேநீருக்கு அழைத்தோம்.

அம்மா சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, அதற்கு மேல் தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டிருந்தார். வடை எண்ணெயின் மணம் திரைச்சீலை வரை ஏறியிருந்தது. ஆடம் எங்கள் பதிந்த சோபாவில் முழங்கால் நாடியை முட்ட உட்கார்ந்திருந்தான்.

எங்கள் ஆட்கள் கலியாணம் பேசினால் முதலில் விசாரிப்பார்கள். எந்த ஊர், ஆருடைய பகுதி, ஊரிலே யாரைக் கேட்டால் தெரியும் என்று தொடங்கி, ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளையின் பூட்டன் வரைக்கும் போய்விடுவார்கள். லண்டனிலும் அது நிற்கவில்லை. எட்மண்டனில் இருக்கிற மாப்பிள்ளையைப் பற்றி ஸ்ட்ரெதமில் விசாரிக்கலாம். ஆனால் சோவா குடும்பத்தை யாரிடம் விசாரிப்பது? அண்ணைக்கு வேலை, வீடு எல்லாம் கேட்டு முடிந்துவிட்டது. கையில் மிஞ்சியது பெயர் ஒன்றுதான்.

"உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆடமின் முகம் மலர்ந்தது. பதில் தெரிந்த கேள்வி ஒன்று கடைசியில் வந்துவிட்டது அல்லவா. "ஆந்தை" என்றான். விரல்களை வளைத்துக் கண்களில் வைத்துக் காட்டினான்.

அண்ணை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறார் தம்பி?" என்று அம்மா அண்ணையிடம் கேட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததுக்கோ கண்ணைப் பிடிச்சுக் காட்டினவர்?"

"ஆந்தையாம்."

அம்மா தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் தொலைபேசி மணி அடித்தது.

மணி அடித்தால்

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் முதலில் யாரும் அசையமாட்டோம். அது ஏன் என்று இங்கே சொல்லிவிடவேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தார். சுன்னாகம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவை அண்ணை கண் ஒப்பரேசனுக்காக இங்கே கூப்பிட்டபோது, "வீட்டை ஆர் பாக்கிறது?" என்று அப்பா நின்றுவிட்டார். பிறகு வந்த மழைக்காலத்தில் சண்டை நெருங்க, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தது. சாவகச்சேரிப் பக்கம் றோட்டோரத்தில் சைக்கிளோடு நின்ற அப்பாவைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு காணவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கண்டதாகவும் யாரும் சொல்லவில்லை.

செய்தி வருவதென்றால் கொழும்பில் இருக்கும் மச்சாள் மூலம், தொலைபேசியில்தான் வரவேண்டும். அதனால் மணி அடிக்கும்போதெல்லாம் அம்மா தாலியைப் பிடித்துக்கொள்வார். அண்ணைதான் எடுப்பார். அவர் "ஹலோ" சொன்ன பிறகு வரும் அடுத்த சொல் ஆங்கிலமா தமிழா என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். ஆங்கிலம் என்றால் மூச்சு வரும்.

அன்று ஆங்கிலம். அண்ணையின் பெற்றோல் நிலையத்து முதலாளி, ஷிப்டை மாற்ற ஏலுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணை "ஓம், ஓம்" என்று தமிழிலேயே அவருக்குச் சொல்லிவிட்டு வைத்தார்.

ஆடம் ஒன்றும் விளங்காமல் எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தான். அம்மா உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை.

உப்பு வெடிக்கும் சத்தம்

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்தே பெருவிரல்தான். அண்ணையும் ஆறாம் வகுப்போடு கடைக்குப் போய்விட்டார். அதனால் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. மறைக்க விரும்பவில்லை.

ஏழாம் வகுப்பில் ஆந்தை எலியைத் தின்று தோட்டக்காரனுக்கு உதவி செய்யும் பறவை என்று படித்தேன். அன்று பொழுதுபடும் நேரம் எங்கள் வேலிக் கரையிலிருந்து சாக்குருவி கத்தியது. ஆந்தை இனத்தில் அதன் சத்தத்துக்குத்தான் ஊர் அதிகம் பயப்படும். அது கத்திய வீட்டில் சாவு விழும் என்பார்கள். அம்மா ஓடிப்போய் ஒரு பிடி உப்பை அடுப்பில் போட்டார். சடசடவென்று வெடித்தது.

"அம்மா, அது எலி பிடிக்க வந்தது. ரீச்சர் சொன்னவ" என்றேன்.

"ரீச்சரின்ரை வீட்டு வேலியிலை கத்தினா அவவும் உப்புப் போடுவா. நீ உள்ளுக்கு வா" என்றார் அம்மா.

நான் உள்ளே போகவில்லை. துணிச்சலைக் காட்டுவதற்காக முற்றத்திலேயே நின்றேன். ஆனால் அடுத்த சத்தம் வந்தபோது முழங்கை வரைக்கும் மயிர் சிலிர்த்தது இப்போதும் தெரிகிறது. படிப்பு என் தலைக்குள் வந்துவிட்டது. தோலுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

கோலியர்ஸ் வுட்டில் மின்சார அடுப்பு. உப்பைப் போட நெருப்பு இல்லை. ஆடம் போன பிறகு அம்மா உப்புப் போத்தலைத் திறந்து, அடுப்பைப் பார்த்து, திரும்ப மூடி வைத்ததை நான் கதவிடுக்கால் கண்டேன்.

அண்ணை எனக்கு ஒரு யோசனை சொன்னார்.

"இஞ்சை பார் மலர், வெள்ளைக்காரருக்கு ஆந்தை எண்டா அறிவு. அம்மாவுக்கு அந்தப் பேரின்ரை அர்த்தம் அறிவாளி எண்டு சொல்லுவம். நான் பிழையா விளங்கிப்போட்டன் எண்டு சொல்லுறன்."

"அவன் கண்ணைப் பிடிச்சுக் காட்டினதுக்கு?"

"அறிவாளி கண்ணாடி போடுவான் எண்டு சொல்லுவம்."

சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவுக்குப் பொய் சொல்லி ஒரு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது, ஏன் வந்தது என்று அடிவரை கேட்டுவந்து, இதிலே பயப்பட ஒன்றுமில்லை என்று நிரூபிக்கிறேன் என்றேன். படித்தவளின் வழி அதுதானே.

எங்களுக்குப் பெயர் உண்டு, குடும்பத்துக்கு இல்லை

இதற்கிடையில் ஆடமுக்கு எங்கள் முறையை விளங்கப்படுத்துவது தனி வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் என்னை மிஸ் முருகேசு என்பார்கள். முருகேசு என் அப்பா. அப்பாவுக்கு முன்னால் வருவது அவருடைய அப்பாவின் பெயர். அண்ணைக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு முன்னால் அண்ணையின் பெயர் வரும். பெண் கலியாணம் செய்தால் தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வரும்.

"அப்படியானால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லையா?" என்று கேட்டான்.

"எங்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. குடும்பத்துக்குத்தான் இல்லை."

அவன் அதைப் பற்றிப் பேருந்து டூட்டிங் வரும்வரை யோசித்தான்.

எனக்கு அந்த முறை பிடிக்கும். சந்தையில் சாக்குத் தூசியோடு நிற்கிற ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி வெள்ளைக்கோட்டு டாக்டர்மார் என்னைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு நிமிரும்.

ஸ்ட்ரெதமில் ஒரு வாக்குவாதம்

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தேவாலயப் பூசை முடிந்து ஆடமின் வீட்டில் சாப்பாடு. ஸ்ட்ரெதமில், ரயில் பாதைக்குப் பின்பக்கம் உள்ள சிறிய வீடு. ஆடமின் அப்பா இரண்டாம் உலகப் போரின்போது பையனாக ஊரிலிருந்து அந்நியப் படையால் லொறியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, பல நாடு கடந்து, கடைசியில் லண்டன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். கூடவே ஆடமின் சின்னம்மா தெரேசா, காலமான தாயின் தங்கை. அவர்தான் அந்த வீட்டில் சமையலும் தீர்ப்பும்.

பீற்றூட் சூப் வைத்தார்கள். இரத்த நிறம். பரிசோதனைக்கூடத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் குடித்தேன். புளிப்பாக, நன்றாகவே இருந்தது.

கேள்வியைக் கேட்டேன். உங்கள் பெயர் எப்படி ஆந்தையானது?

"களஞ்சியம்" என்றார் ஆடமின் அப்பா உடனே. முன்காலத்தில் அங்கே நிலமுள்ள பெரியவர்களுக்குத்தான் குடும்பப் பெயர் இருந்ததாம், அதுவும் அவர்களுடைய ஊரை வைத்து. நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு அயலார் வைக்கிற பட்டப்பெயர்தான். பிறகு பாதிரியாரும் அரசாங்கமும் எழுதிவைக்கத் தொடங்க, அன்று ஊர்வாயில் இருந்த பட்டப்பெயர் பேரப்பிள்ளைகளிலும் ஒட்டிக்கொண்டது. "எங்கள் முன்னோர் ஒருவர் ஜமீனின் தானியக் களஞ்சியத்தை இரவெல்லாம் காவல் காத்தார். அதனால் ஆந்தை."

"காவலாவது" என்றார் தெரேசா. "அந்தக் கண்களைப் பார், பிள்ளை. அவருடைய தகப்பனுக்கும் இதே கண். கோப்பை மாதிரி. ஊரார் கண்ணைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்."

"என் தகப்பனை நீ எங்கே கண்டாய்?"

"படத்தில் கண்டேன். படம் முழுக்கக் கண்தானே."

"என் தாத்தா சொன்னது களஞ்சியம்."

"உங்கள் தாத்தா சொன்னது உங்கள் குடும்பத்துக்கு வசதியானது. எங்கள் ஊரில் ஒருவரோடும் பேசாமல் காட்டோரம் தனியே இருக்கிறவனைத்தான் ஆந்தை என்போம். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் பக்கத்து வீட்டாரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?"

ஆடம் ரொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் மனம் இலேசானது. களஞ்சியக் காவல், பெரிய கண், பேசாத சுபாவம். இதில் எதை அம்மாவிடம் சொன்னாலும் பயம் போய்விடும். எங்கள் ஊரிலும் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் உண்டா?

அப்போது தெரேசா ஆன்ரி, பாப்பி விதைக் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை, பெரிய ஆந்தையின் பெயரை வைத்தார்கள். சின்ன ஆந்தை என்றால் நான் என் அக்காவை இந்த வீட்டுக்கு விட்டிருக்கமாட்டேன்."

"ஏன்?"

"அது நோயாளி இருக்கிற வீட்டு யன்னலுக்கு வரும். வா, வா, கோயிலடிக் குழிக்கு வா என்று கூப்பிடும். அங்கேதான் செத்தவர்களைப் புதைப்பார்கள். என் அம்மா அது கூப்பிட்டால் விளக்கை அணைத்துவிடுவார்."

கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கடலும் பனியும் தாண்டி, எங்கள் வேலிக் கரைக் குருவி அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. நான் பயத்தைத் தீர்க்கப் போன இடத்தில் அதற்குச் சாட்சி கிடைத்தது. முழங்கையில் மயிர் சிலிர்த்தது. இந்த முறை என்னிடம் எலிக் கதையும் இல்லை.

"பெயரை மாற்ற யோசிக்கவில்லையா?" என்று ஆடமின் அப்பாவிடம் கேட்டேன்.

அவர் கத்தியைத் துடைத்து வைத்தார். பட்டாளத்தில் நிறையப்பேர் பெயரை மாற்றினார்கள் என்றார். ஊரில் விட்டுவந்தவர்களை யாரும் பிடித்து வதைக்கக்கூடாது என்பதற்காக. அவரையும் மாற்றச் சொன்னார்கள்.

"ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் என் அம்மா என்னைத் தேடி வந்தால் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பாள்? அதனால் விட்டுவிட்டேன்."

வெளியே ரயில் ஒன்று போக, கோப்பைகள் தட்டில் நடுங்கின.

அம்மா கேட்டது

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். கோயிலடிக் குழியையும் சேர்த்துத்தான். அண்ணை பின்னால் நின்று, நிறுத்து என்று கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சனத்துக்கும் அது சாக்குருவிதானோ?"

"ஓம் அம்மா."

"தெரிஞ்சும் பேரை மாத்தேல்லையோ?"

ஆடமின் அப்பா சொன்னதைச் சொன்னேன். அம்மாவின் விரல்கள் நின்றன.

"அவரின்ரை தாய் வந்தவவோ?"

"இல்லை. பிறகு ஒரு செய்தியும் வரேல்லையாம்."

அம்மா அந்தப் பதிலைக் கேட்டிருக்கவே கூடாது என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அண்ணை தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தார். அது அடிக்கவில்லை. அடிக்காமல் இருப்பதும் பயமாகத்தான் இருந்தது.

"பிள்ளை" என்றார் அம்மா. "ஆந்தையெண்டாலும் ஆனையெண்டாலும் எனக்கென்ன? அது அவையின்ரை பேர். அவை சுமக்கட்டும்."

"அப்ப ஏன் அண்டைக்கு எழும்பிப் போனீங்கள்? நான் இவ்வளவு நாளும் ஆந்தையை எல்லோ விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

"ஆந்தை எண்டு கேட்ட உடனை பயந்தனான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அதுக்கில்லை எழும்பிப் போனது." அம்மா கீரைத் தண்டை ஒடித்தார். "அந்தப் பேர் வாறதெண்டா, முன்னுக்கு நிக்கிற அப்பாவின்ரை பேர் போகவேணும். கொப்பர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இந்த நேரம் பார்த்து நாங்களே அவரை எடுத்து விடுறதோ? அவர் இல்லையெண்டு நாங்களே சொல்லிக் குடுக்கிறமாதிரி எல்லோ கிடக்கு."

அண்ணை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கீரை ஆயத் தொடங்கினார். நானும்தான்.

ஊரிலே நடந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. தகப்பன் பந்தலில் நின்று தன் கையாலேயே மகளைக் கொடுப்பார். அவரே கொடுக்கும்போது அவர் பெயர் போவது யாருக்கும் உறைக்காது. அவர் இல்லாத இடத்தில், அவரைக் கேட்காமல் அதை எடுப்பதுதான் அம்மாவைக் குத்தியது. நான் போலந்துக் காடு வரைக்கும் போய் ஒரு பறவையை விசாரித்தேன். எனக்கு முன்னால் இருந்த பெயரை ஒரு தடவையும் விசாரிக்கவில்லை.

"கட்டுறதெண்டாக் கட்டு" என்றார் அம்மா. "பொடியன் நல்ல பொடியன். வடையை நல்லாச் சாப்பிட்டவன். கொப்பரின்ரை பேர் மட்டும் உன்ரை பேருக்கு முன்னாலை அங்கினேக்கையே இருக்கட்டும்."

ஒப்புதல்கள்

இந்த நாட்டுச் சட்டத்தில் புருஷன் பெயரை எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆடமுக்கு அதில் வருத்தமும் இல்லை. "நீ மிஸ் முருகேசு என்றால்தான் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்" என்றான்.

அவனுடைய அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அவருடைய குடும்பத்தில் இப்போது அந்தப் பெயரோடு இருப்பது அவரும் ஆடமும்தான்.

"பெயரை வைத்திருக்கவேண்டியது ஏன் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே" என்றேன்.

"அது என் பெயருக்குச் சொன்னது" என்றார்.

பிறகு சூப் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டும் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சமாதானம்.

அண்ணை மட்டும், அப்பாவைப் பற்றி ஒரு செய்தி வரும்வரை பொறுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை காண எனக்கு முடியவில்லை. ஆனால் எந்தச் செய்திக்காகப் பொறுப்பது என்று கேட்டேன். அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். நல்ல செய்திக்காகத்தான் என்று அவர் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆடமும் நானும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அன்றைக்குத்தான் போகிறோம் என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் காலையில் இருந்து வாசலுக்கும் தொலைபேசிக்கும் இடையில் நடப்பார்.

அங்கே இருந்த பதிவாளர் பெண்ணுக்குத் தடிமன். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆடமிடம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். தகப்பனின் முழுப்பெயர் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தொழில் கேட்டார். சந்தையில் மூட்டை சுமப்பவர் என்றேன். குரல் தெளிவாகத்தான் வந்தது.

பேனையைத் தூக்காமலே அடுத்ததைக் கேட்டார்: "உயிரோடு இருக்கிறாரா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. சற்று முன் ஆடமிடமும் கேட்டார். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு மேசை விளிம்பு விரலில் ஏறிக் குத்தியது. தெரியாது என்று சொல்லலாமா, சொன்னால் எதை எழுதுவார், எழுதினால் அது அப்படியே ஆகிவிடுமா என்று, படித்த தலை ஓடாத இடமெல்லாம் ஓடியது. ஆடம் என் பக்கம் திரும்பவில்லை. அது நல்லதுதான்.

"இருக்கிறார்" என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, கலியாணத்துக்கு எந்த நாள் வேண்டும் என்று கேட்டார். அந்த நாளையும் சொன்னேன்.